ஸ்டியரிங்கில் இரண்டு அட்டைகள்

நெல்லிக்குப்பம் ஆலைக்கு முன்னால் கரும்பு டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றிருந்தன. தோகை தரையைக் கூட்ட, பாட்டு அலற, ஒன்றின் முதுகில் ஒன்று முட்டிக்கொண்டு. அவற்றின் நடுவே எங்கள் பழைய கார், ஒரு முழம் நகர்வதும் நிற்பதுமாக. அப்போதுதான் வெப்பம் காட்டும் முள் எழுந்தது. எப்போதும் நடுவில் சாய்ந்து கிடக்கிற முள், தூக்கம் கலைந்தவன்போல எழுந்து சிவப்புக் கோட்டை நோக்கி நடக்கத் தொடங்கியது.

மனைவிதான் ஓட்டிக்கொண்டிருந்தாள். முள்ளை ஒரு பார்வை பார்த்தாள். ஏசியை அணைத்தாள். ஹீட்டரைக் கடைசிவரை திருகினாள். பங்குனி வெயிலில் காருக்குள் அனல் அடித்தது.

"என்ன பண்ற நீ?" என்று கத்தினேன்.

"இன்ஜினு சூட்ட நம்ம கொஞ்சம் வாங்கிக்கறோம். கண்ணாடிய எறக்குங்க, கத்தாதீங்க."

பின்சீட்டில் அவள் தங்கை. காடாம்புலியூரில் முந்திரித்தோப்புக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டாகியிருந்தாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சோதனை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். வயிற்றின்மேல் ஒரு கையும் நெற்றி வியர்வையில் ஒரு கையுமாக அவள் கேட்டாள்: "யக்கா, அன்னிக்கி நான் வலியோட இருக்கும்போது இப்டி ஆயிடுச்சின்னா?"

"ஆவாது. அன்னிக்கும் இதே கார்லதான் உன்ன இட்டுகினு போவேன். இதே எடத்துல நின்னாலும் முள்ளு நடுவுலதான் நிக்கும். போதுமா?"

போதும் என்று தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். வாடகை வண்டி எத்தனையோ கிடைக்கும். ஆனால் அவளுக்கு அக்கா ஓட்டினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை சாலையாகத் தெரியும். இரண்டுமுறை பாதியில் கலைந்த பிறகு, இந்தக் குழந்தையின் ஒவ்வொரு பயணத்தையும் அக்காவின் கையில்தான் அவள் கொடுத்திருந்தாள். சேர்க்கச் சொல்லிக் கொடுத்திருந்த நாள், அடுத்த திங்கட்கிழமை காலை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில், வேப்பமர நிழலில், கார் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். "வூட்லயே பண்ணிடலாம்" என்று மனைவி சொன்னபோது நான் சந்தேகப்படவில்லை. அவள் அனல்மின் நிலையத்தில் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் பிரிவில் இருக்கிறாள். தண்ணீரிலிருந்து உப்பையும் இரும்பையும் பிடித்து நிறுத்திவிட்டு, ஒன்றுமே இல்லாத தண்ணீரை பாய்லருக்கு அனுப்புகிற வேலை. ஷிப்ட் முடிந்து வந்து ஒரு தம்ளர் தண்ணீரைக் குடிக்கிறபோதுகூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவன். ஒரு சொல்லுக்காக மூன்று நாள் உட்கார்ந்திருப்பேன். ஒரு பால் பொங்குவதற்கு மூன்று நிமிடம் நிற்கமாட்டேன்.

இன்ஜின் ஆறியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். பழைய காலண்டர் அட்டையில் வெட்டி, சிவப்பு நகப்பூச்சால் எழுதிய ஒரு சீட்டை, நூல் கோத்து ஸ்டியரிங்கில் கட்டினாள். 'வேலை நடக்கிறது. இயக்காதே.' கீழே அவள் பெயர்.

இதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் பிளாக்கில் யாரும் சிரிக்கமாட்டார்கள். மின்நிலையத்தில் ஒரு பம்பைப் பிரித்து வேலை செய்கிறவன், அதன் ஸ்விட்சில் தன் பெயர் எழுதிய டேக்கைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே கையை விடுவான். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு டேக். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். பெரிய அதிகாரியே வந்தாலும் அடுத்தவன் டேக்கில் விரல் வைக்கக்கூடாது. அந்த அட்டை அங்கே தொங்குகிறவரைக்கும் ஓர் ஆளின் கை எந்திரத்துக்குள் இருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பழக்கம் ஷிப்ட் பஸ்ஸில் ஏறி வீடுவரைக்கும் வந்துவிட்டது. எங்கள் மிக்சியில்கூட, அவள் பிளேடைக் கழற்றித் துடைக்கிறபோது, டேக் தொங்கியிருக்கிறது.

ரேடியேட்டர் அடியில் ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்து, வடிகால் திருகைத் திறந்தாள். வந்தது இன்ஜினைக் குளிர்விக்கிற கூலண்ட் அல்ல. பச்சையாக இருந்திருக்க வேண்டிய அது, செம்மண்ணைக் கரைத்துக் காய்ச்சியதுபோல, கெட்டியாக, சோம்பலாக இறங்கியது. காரை எங்களுக்கு விற்றுவிட்டு ஓய்வுபெற்றுப் போனவர் வருஷக்கணக்கில் குழாய்த்தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். இங்கே குழாயைத் திறந்தால் அருவி. நிலக்கரிச் சுரங்கம் மூழ்காமலிருக்க இரவுபகலாக அடியிலிருந்து இறைத்துக்கொண்டே இருக்கிற ஊரில், தண்ணீரை விலைகொடுத்து வாங்கிக் காரில் ஊற்ற யாருக்குத் தோன்றும்?

"பாவம், எவ்ளோ துருவ முழுங்கிகினு ஓடியிருக்கு பாருங்க" என்றாள், பசுமாட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

காரின் அடியில் வழக்கமாகப் படுக்கிற தெருநாய் மூக்கை நீட்டியது. அதை விரட்டிவிட்டு, பேசினை உடனே தாம்பாளத்தால் மூடினாள். கூலண்ட் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் இனிக்குமாம், நாய் நக்கும், நக்கினால் பிழைக்காது. சாக்கடையிலும் ஊற்றவிடவில்லை. புனல் வைத்து ஒரு பழைய கேனில் அடைத்து, அதற்கும் ஒரு சீட்டு ஒட்டினாள். அதற்கு முன் ஊறுகாய் பாட்டில் ஒன்றில் கொஞ்சம் பிடித்துக் காம்பவுண்டு சுவரில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"சாம்பிள்."

திருகை மூடி, நல்ல தண்ணீர் நிரப்பி, தன் டேக்கைத் தானே அவிழ்த்து, ஸ்டார்ட் பண்ணினாள். ஹீட்டரைத் திறந்துவிட்டு, மேல்குழாயில் சூடு ஏறும்வரை ஓடவிட்டாள். அணைத்தாள். மறுபடி டேக் கட்டினாள். ஆறவிட்டாள். இந்த ஆறவிடுதல்தான் என்னைக் கொன்றது. நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். வேப்பம்பூ பொறுக்கினேன். மூடியைத் திறக்கப் போன என் கையை அவள் பார்வையாலேயே தட்டிவிட்டாள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்துக்கு வரும். ஆறியபின் திறந்தாள், வடித்தாள், சாம்பிள் பிடித்தாள், நிரப்பினாள், மறுபடி.

காலை ஏற ஏற, சுவரில் பாட்டில்கள் சேர்ந்தன. முதலாவது டிகாக்‌ஷன். இரண்டாவது புளிக்கரைசல். மூன்றாவது பால் விடாத டீ. அடுத்தது வைக்கோல் ஊறிய தண்ணீர். வெயில் அவற்றினூடாக விழுந்து சுவரின் வெள்ளையில் நிறம் நிறமாக நடுங்கியது. நான் எத்தனை பக்கங்களைக் கிழித்துப்போட்டுத் திருத்தியிருக்கிறேன். ஆனால் என் திருத்தங்கள் இப்படி வரிசையாக நின்று வெளுத்துக் காட்டியதில்லை. இருண்டதிலிருந்து தெளிந்ததுவரை ஒரு மனுஷி கொண்டுவந்து நிறுத்திய தெளிவு. கிட்டப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் தலை எழுந்தது. நாகர்கோவில் பக்கத்துக்காரர். அதே மின்நிலையத்தில் மெயின்டனன்ஸ். என் மனைவி ஆபரேஷன். எந்திரத்தை ஓட்டுகிறவர்களுக்கும் பழுதுபார்க்கிறவர்களுக்கும் உள்ள வழக்கு அங்கே தொடங்கி, எங்கள் சுவரின்மேல் தினமும் வாய்தா போடப்படும்.

"என்ன மேடம், ஞாயித்துக்கெளமயும் தண்ணி டெஸ்டா? ஆபரேஷன்காரங்களுக்கு வால்வைத் தொறக்கவும் மூடவுந்தான் தெரியும்னுல்லா நெனச்சேன்."

"மெயின்டனன்ஸ்காரங்க வந்து சரி பண்றேன்னு நாலு நாள் உருட்டறதுக்குள்ள, நாங்களே பண்ணிடலாம்னுதான் சார்."

"அது சரி. டிஸ்டில்டு வாட்டர் கடையிலயா வாங்குனீங்க? ஒங்க செக்‌ஷன்ல ஆறா ஓடுதே, ஒரு கேன் புடிச்சிட்டு வந்தா யாரு கேக்கப் போறா?"

"அது பாய்லரு தண்ணி சார். நம்ம கார் தண்ணி இல்ல."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டே, "கேட்டது தப்புதான், கேஸ் முடிஞ்சு" என்று கையைத் தூக்கினார். ஆனால் அந்த ஒரு வரியை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

கடைசி பாட்டிலில் தண்ணீர் கண்ணாடியாக வந்தது. கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரையும் புதுக் கூலண்டையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினாள். கொடுக்காப்புளி இலையின் இளம்பச்சை. மூடியைப் போட்டுவிட்டு, "அடங்கட்டும். குளிச்சிட்டு வந்து, ஓடவுட்டு, உள்ள இருக்கற காத்த எடுக்கணும்" என்று போனாள். அவள் டேக் ஸ்டியரிங்கில் ஆடிக்கொண்டிருந்தது. போகும்போது சுவர்ப்பக்கம் திரும்பி, "சார், கீழ் ஓஸ் கொழாய ஒருவாட்டி பாத்துடுங்க. ஒங்க டிபார்ட்மெண்டுதான" என்றாள்.

நான் சமையலறையில் தேங்காய் துருவப் போனேன். அவர் வந்ததும் குனிந்ததும் எனக்குத் தெரியாது.

தொலைபேசி அடித்தது. காடாம்புலியூரிலிருந்து சகலை. குரலே வியர்த்திருந்தது. "அண்ணே, இவளுக்கு வலி கண்டுடுச்சிண்ணே. நாளைக்குத்தான சொன்னாங்க, இன்னிக்கே..."

மனைவி ஈரத்தலையோடு வந்து போனை வாங்கினாள். "எவ்ளோ நேரத்துக்கு ஒருவாட்டி வலிக்குதுன்னு பாரு. தண்ணி ஒடஞ்சிதா? இல்லியா? நல்லது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிடு." தங்கையின் குரல் பின்னாலிருந்து கேட்டது. "அக்காவ வரச்சொல்லு. அக்கா வராம நான் ஏறமாட்டேன்." மனைவி உரக்கச் சொன்னாள்: "தோ, கெளம்பிகினே இருக்கேன்டி."

ஈரத்தலையை அள்ளி முடிந்தபடியே காருக்கு ஓடினாள். கதவைத் திறந்து தன் டேக்கை அவிழ்த்தாள். அவிழ்த்தவள் அப்படியே நின்றாள்.

ஸ்டியரிங்கில் இன்னொரு அட்டை. வாழைநார்போன்ற ஒரு கயிற்றில், சிகரெட் அட்டையின் பின்புறத்தில், பால்பேனாவால் எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்.

சுவருக்கு மேலே கூப்பிட்டேன். பதில் இல்லை. அவர் வீட்டில் யாரும் ஊரில் இல்லை, கதவு பூட்டியிருந்தது. ஸ்கூட்டர் இல்லை. போன் பண்ணினேன். பூட்டிய வீட்டுக்குள், ஜன்னல் ஓரத்தில், சார்ஜில் கிடந்த போன் எங்களைப் பார்த்து மணியடித்தது.

மனைவி தரையில் படுத்து அடியில் எட்டிப்பார்த்தாள். குழாய் இருந்த இடத்தில் இருந்தது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. மேலே பார்த்தாள், எல்லாம் மூடியிருந்தது. மூடியைத் திருகித் திறந்தாள், பச்சைத் தண்ணீர் விளிம்பில் நின்றது.

"எல்லாம் சரியாத்தான இருக்கு?" என்றேன்.

"பாத்தா அப்டித்தான் இருக்கு."

"அப்ப எடு வண்டிய!"

"அவரு டேக் இருக்குங்க."

"இது மின்நிலையமா? நம்ம வாசல்ல நிக்கிற நம்ம கார்! அங்க உன் தங்கச்சி வலியில கெடக்கா, நீ சிகரெட் அட்டையப் பாத்துகிட்டு நிக்கிற!" நான் கையை நீட்டி அந்தக் கயிற்றைப் பிடித்தேன். ஓர் இழுப்பு போதும்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கவில்லை. சும்மா பிடித்தாள். மறுகையில் கார் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்போதுதான் தெரிந்தது, என்னைவிட அவள்தான் ஓடத் துடிக்கிறாள் என்று. அவள் தங்கை அல்லவா.

"அவரு சும்மா கட்டியிருக்கமாட்டாரு" என்றாள். "ஏதோ பண்ணியிருக்காரு. என்னான்னு எனக்குத் தெரியல. தெரியாம அவள இதுல ஏத்தமாட்டேன்."

பிறகு போனை எடுத்து, சகலையிடம் நிதானமாகப் பேசினாள். "பக்கத்துத் தெரு வேன்காரன வாசல்ல நிறுத்திக்க. வலி கிட்ட கிட்ட வந்தா எனக்காக நிக்காத, ஏத்திகினு போயிடு. நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன். அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு." சொல்லி முடித்துவிட்டு, போனை மார்போடு வைத்துக்கொண்டு, காரின் படியில் உட்கார்ந்தாள். தான் கொடுத்த வாக்கை, அந்த வாக்குக்காகவே, கைவிடத் தயாராகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாய் வந்து அவள் காலடியில் படுத்தது.

நான் பிளாக் முனைவரை ஓடினேன். திரும்பி வந்தேன். மறுபடி ஓடினேன். சாலையோரத்துப் பூவரசும் கொன்றையும் ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய சோம்பலில் நின்றன. தூரத்தில் குளிர்விக்கும் கோபுரங்களிலிருந்து வெள்ளை ஆவி அவசரமில்லாமல் எழுந்துகொண்டிருந்தது. இந்த ஊரே சூட்டை ஆறவிடுகிற ஊர். அதில் நான் ஒருவன் மட்டும் வெந்துகொண்டிருந்தேன்.

ஸ்கூட்டர் சத்தம். அவர் வந்தார். சட்டைப்பையிலிருந்து பளபளக்கிற ஒரு வளையம் எட்டிப்பார்த்தது.

"ஞாயித்துக்கெளம ஒரு கடை தொறக்கலயே சார். மந்தாரக்குப்பம் வரைக்கும் போயிட்டு வாரேன். ஏன் இப்பிடி நிக்கீங்க?"

"எங்க போனீங்க? சொல்லிட்டுப் போகக்கூடாதா?" என்று கத்தினேன்.

அவர் நிஜமாகவே விழித்தார். "டேக் கட்டிட்டுத்தான போனேன்."

மனைவி எழுந்தாள். "என்னா சார் பண்ணீங்க?"

"கீழ் ஓஸ இறுக்கிப் புடிக்கிற கிளாம்ப் வளையம் துருப்பிடிச்சு பாதி அறுந்து கெடந்து மேடம். அதைக் களத்திட்டேன். ஓஸ் சும்மா ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. ஆறிக் கெடக்கயில ஒண்ணும் தெரியாது. சூடாகி உள்ள பிரஷர் ஏறிச்சோ, வடலூர் தாண்டறதுக்கு முன்ன ஓஸ் புடுங்கி அவ்வளவு கூலண்டும் ரோட்டுக்குப் போயிரும்."

கயிற்றை இழுக்கப் பார்த்த என் கையை நான் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

தங்கைக்கு வலி கண்ட விஷயத்தைச் சொன்னோம். சட்டையைக் கழற்றிச் சுவரில் போட்டுவிட்டு, வெறும் பனியனோடு மண்ணில் படுத்தார். ஸ்க்ரூடிரைவர் திரும்புகிற சத்தம் கேட்டது. அந்த முதுகுக்கு அடியில் சரளைக்கல் குத்தியிருக்கும். இறுக்கினார், குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். எழுந்து, மண்ணைத் தட்டாமல், நேராக வந்து தன் அட்டையைத் தானே அவிழ்த்தார்.

"லைன் கிளியரா சார்?"

"கிளியர், மேடம்."

இருவர் முகத்திலும் அப்போது விளையாட்டு இல்லை. சுவரின்மேல் நாள் முழுக்கச் சண்டைபிடிக்கிற இரண்டு பேர், ஒருவர் உயிரை ஒருவர் கையில் வாங்கிக் கொடுத்துப் பழகியவர்கள் என்பதை அந்த இரண்டு சொல்லில் பார்த்தேன். என் மொழியில் எனக்கு இத்தனை பாரம் தாங்குகிற இரண்டு சொல் கிடைத்ததில்லை.

ஸ்டார்ட் பண்ணினாள். மூடி திறந்திருக்க, ரேடியேட்டர் வாயில் குமிழிகள் வந்தன. ஒன்று, பிறகு கொத்தாக, பிறகு எப்போதாவது ஒன்று. உள்ளே மாட்டிய காற்று வெளியேறியது. மட்டம் இறங்க இறங்க அவர் ஊற்றினார். "போதும். மூடிட்டேன். போங்க" என்று பானட்டைத் தட்டினார். "மெயின்டனன்ஸ்காரன் நாலு நாளு உருட்டல, அதைச் சொல்லுங்க தங்கச்சிட்ட!"

"சொல்றேன் சார். நாலு நாள் இல்ல, ஒரு மணி நேரம்னு சொல்றேன்!"

காடாம்புலியூரில் வேன் வாசலில்தான் நின்றது. தங்கை அதில் ஏறாமல், பலாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மரமெங்கும் பிஞ்சுகள். எங்கள் காரைப் பார்த்ததும், வலிக்கு நடுவே, "இம்மாம் நேரமா?" என்று அக்காளை வைதுவிட்டு ஏறினாள். சகலை பையோடு முன்னால் உட்கார்ந்தான். நான் பின்னால் அவள் தலைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு.

நெல்லிக்குப்பத்தில் அதே டிராக்டர்கள். ஞாயிற்றுக்கிழமை என்று கரும்புக்குத் தெரியுமா? அதே இடத்தில் நின்றோம். மனைவி ஆரன் அடிக்கவில்லை. நான் இரண்டு சீட்டுக்கு நடுவே கழுத்தை நீட்டி முள்ளைப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் தங்கையும் கழுத்தை நீட்டினாள்.

"எங்க நிக்குது மாமா?"

"நடுவுல."

"நெஜமா?"

"நீயே பாரு."

பார்த்தாள். அடுத்த வலி வந்தது. என் கையை அவள் பிடித்த பிடியில் மோதிரம் எலும்பில் பதிந்தது. முள் நடுவிலேயே நின்றது. ஒரு டிராக்டர்காரர் எட்டிப்பார்த்து, புரிந்துகொண்டு, முன்னால் இருப்பவர்களைக் கெட்ட வார்த்தையில் ஒதுங்கச் சொன்னார். கரும்பு விலகி வழி விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கரநாற்காலி வந்தது. தங்கையோடு உள்ளே ஓடுமுன், மனைவி சாவியை என் கையில் வைத்தாள். "ஆறினப்பறம் மூடியத் தொறந்து லெவல் பாருங்க. மொத ஓட்டத்துல கொஞ்சம் எறங்கும். சூடா இருக்கறப்ப தொறக்காதீங்க, சொல்லிட்டேன்."

கடல்காற்று வருகிற ஒரு நிழலில் காரை நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் நின்றேன். சகலை உள்ளேயும் வெளியேயுமாக, காலையில் நான் நடந்த நடையை நடந்துகொண்டிருந்தான். நான் நடக்கவில்லை. பானட்டின்மேல் புறங்கையை வைத்தேன். சுட்டது. எடுத்துக்கொண்டேன். கொஞ்சநேரம் கழித்து மறுபடி வைத்தேன். சூடு மெல்ல, தன் வேகத்தில், தகரத்தை விட்டு இறங்குவது தோலில் தெரிந்தது. அதை அவசரப்படுத்த எனக்குத் தோன்றவில்லை. கை வைக்க முடிகிற அளவுக்கு வந்தபிறகும் இன்னும் கொஞ்சம் விட்டேன். பிறகு துணி போட்டு மூடியைத் திருகினேன்.

உள்ளே இளம்பச்சை, அசையாமல், ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. மனைவி டிக்கியில் வைத்திருந்த மீதிக் கூலண்ட் பாட்டிலை எடுத்து விளிம்புவரை ஊற்றினேன்.

போன் அடித்தது. மனைவியின் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல், மெல்லியதாக, கோபமாக, விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"பொண்ணு பொறந்திருக்குங்க. அம்மாவும் கொழந்தையும் நல்லா இருக்காங்க" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "லெவல் பாத்தீங்களா?"

"பாத்தேன். கொஞ்சம் எறங்கியிருந்துச்சு. ஊத்திட்டேன்."

"ஆறினப்பறந்தான?"

"ஆறினப்பறந்தான்" என்றேன்.